சி1க்யூ இம்யூன் காம்ப்ளெக்ஸ் பரிசோதனை: ஒரு மதிப்புரை

ரத்தத்தில் சுற்றிவரும் இம்யூன் காம்ப்ளெக்ஸ்களை அளப்பதாகச் சொல்லும் பரிசோதனை பல ஆய்வகங்களின் பட்டியலில் தனியாகவும், தன்னெதிர்ப்பு நோய்களுக்கான தொகுப்புப் பரிசோதனைகளில் ஒன்றாகவும் இடம்பெற்றிருக்கிறது. மூட்டுவலி, காரணம் தெரியாத காய்ச்சல், தோன்றி மறையும் தோல் தடிப்பு, விளங்காத களைப்பு என்று பல மருத்துவர்களைப் பார்த்துக் களைத்தவர்களின் கைக்கு இந்த முடிவுத்தாள் எப்படியோ வந்து சேர்கிறது. அதில் ஓர் எண்ணும் அதன் அருகே 'அதிகம்' என்ற குறிப்பும் இருந்துவிட்டால், அதன் பிறகு தூக்கம் கெடுகிறது. நான் இங்கே மதிப்பிடுவது எந்தவோர் ஆய்வகத்தையும் அல்ல, இந்தப் பரிசோதனையைத்தான். அதிலும் இன்று பரவலாகக் கிடைக்கும், சி1க்யூ என்னும் ரத்தப் புரதத்தைக் கொண்டு நிறமாற்றத்தால் அளக்கும் சி1க்யூ எலைசா முறையை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறிவியல் அடிப்படை உறுதியானது, செய்முறை நேர்த்தியானது, ஆனால் நோயாளி கேட்க வேண்டிய கேள்விக்கு அரிதாகவே விடை தருகிறது.

ஏன் அப்படி என்பதை விளக்க, அளக்கப்படும் பொருள் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உடலுக்குள் நுழைந்த கிருமியின் புரதமோ, மருந்தோ, சில நோய்களில் உடலின் சொந்தப் பொருளோ ஆன்டிஜென்னாக (எதிர்ப்பொருளைத் தூண்டும் பொருளாக) அமைய, அதன்மேல் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒட்டிக்கொண்டால் உண்டாகும் இணைப்பே இம்யூன் காம்ப்ளெக்ஸ். இது நோயல்ல, அன்றாட வேலை. ஒவ்வொரு தொற்றின்போதும், தடுப்பூசிக்குப் பிறகும் எல்லோருடைய ரத்தத்திலும் இவை உருவாகின்றன, உருவான வேகத்திலேயே அகற்றவும் படுகின்றன. அகற்றும் முறை அழகானது. காம்ப்ளிமென்ட் எனப்படும் நிரப்புப் புரதங்களின் வரிசையில் முதலாவதான சி1க்யூ அந்த இணைப்பின் மேல் வந்து அமர்கிறது. அது தொடங்கிவைக்கும் தொடர்வினையில் சி3 புரதம் உடைந்து, சி3பி என்னும் துண்டு இணைப்பின் மேல் படிகிறது. அந்தத் துண்டைச் சிவப்பணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிஆர்1 ஏற்பி பிடித்துக்கொள்கிறது. சிவப்பணு அதைச் சுமந்து கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. அங்கே விழுங்கணுக்கள் சுமையை மட்டும் பறித்துக்கொண்டு சிவப்பணுவைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆக்சிஜனைச் சுமப்பதோடு சிவப்பணுவின் வேலை முடிந்துவிடுகிறது என்று நினைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். பிறவியிலேயே சி1க்யூ இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) அல்லது அதை ஒத்த நோய் வருகிறது என்பது இந்தத் துப்புரவு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குப் போதுமான சான்று.

எல்லா இணைப்புகளும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும்போது பெரிய வலைப்பின்னல்கள் உருவாகி, எளிதில் அடையாளம் காணப்பட்டு விரைவாக அகற்றப்படுகின்றன. ஆன்டிஜென் சற்றே மிகுந்திருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்போது உருவாகும் சிறிய, நடுத்தர அளவிலான, கரைந்த நிலையிலுள்ள இணைப்புகள் துப்புரவுக்குத் தப்பி நெடுநேரம் சுற்றுகின்றன. ரத்தம் அழுத்தத்தோடு வடிகட்டப்படும் இடங்களான சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சான கிளாமருலஸ், மூட்டின் உட்சவ்வு, தோலின் நுண்குழாய்கள் ஆகியவற்றில் அவை படிகின்றன. படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் தூண்டப்படுகிறது. அதிலிருந்து பிரியும் சி3ஏ, சி5ஏ துண்டுகள் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. வந்த நியூட்ரோபில்கள் உமிழும் நொதிகள் இரத்தக்குழாயின் சுவரையே அரிக்கின்றன. ஆக, சேதம் நடப்பது படிந்த இடத்தில், மிதக்கும்போது அல்ல. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பரிசோதனையின் பெரும்பாலான குறைகள் தாமாகவே விளங்கும்.

இந்த அறிவு வந்த வழியும் சுவையானது. 1903இல் மொரிஸ் ஆர்தஸ் முயல்களுக்குக் குதிரைச் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) திரும்பத் திரும்ப ஊசியாகச் செலுத்தி, செலுத்திய இடத்திலேயே திசு வீங்கி அழுகுவதைக் காட்டினார். 1905இல் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கேவும் பேலா ஷிக்கும், தொண்டை அடைப்பானுக்காகக் குதிரைச் சீரம் செலுத்தப்பட்ட குழந்தைகளுக்கு 8 முதல் 12 நாட்களில் வரும் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, நெறிக்கட்டு ஆகியவற்றை 'சீர நோய்' என்று விவரித்து, அதற்கு நஞ்சு காரணமல்ல, உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளே காரணம் என்று வாதிட்டனர். அரை நூற்றாண்டு கழித்து ஃபிராங்க் டிக்சனின் குழு முயல்களுக்கு மாட்டின் ஆல்புமினைக் கொடுத்து ஒவ்வொரு கட்டத்தையும் அளந்தது. எதிர்ப்பொருள் தலைகாட்டும் நாட்களில் ஆன்டிஜென் சரிகிறது, இணைப்புகள் தோன்றுகின்றன, காம்ப்ளிமென்ட் குறைகிறது, சிறுநீரகத்திலும் தமனிகளிலும் அழற்சி வருகிறது, இணைப்புகள் மறைந்ததும் அழற்சியும் தணிகிறது. நாள்தோறும் ஆல்புமின் பெற்ற முயல்களில், வலுவாக எதிர்வினை காட்டியவையும் எதிர்வினையே காட்டாதவையும் தப்பின; நடுத்தரமாகக் காட்டியவற்றுக்கே நாட்பட்ட சிறுநீரக அழற்சி வந்தது. 1963இல் ஜெல், கூம்ஸ் இருவரும் மிகையுணர்வு எதிர்வினைகளை நான்காகப் பிரித்தபோது இது மூன்றாம் வகையாயிற்று.

இப்படியொரு தெளிவான கதை கிடைத்த பிறகு, 'அப்படியானால் ரத்தத்தில் அவற்றை அளந்துவிடலாமே' என்ற எண்ணம் எழாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. 1970களில் முறைகள் பெருகின. சி1க்யூவோடு பிணைப்பது ஒரு வழி. ராஜி எனப்படும் லிம்போமா அணுக்களின் ஏற்பிகளில் ஒட்டவைப்பது இன்னொன்று. பாலிஎத்திலீன் கிளைகாலைச் சேர்த்து வீழ்படிவாக்கிக் கலங்கலை அளப்பது மற்றொன்று. 1978இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டாய்வு 18 முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்கிறது. ஒன்றை அளக்க 18 வழிகள் இருந்தால், அவற்றில் எதுவும் போதுமானதாக இல்லை என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

இப்போது பரிசோதனைக்கே வருவோம். ரத்தம் கொடுப்பவருக்கு இதில் சிரமம் ஏதுமில்லை. வழக்கமான சீர மாதிரி போதும். தட்டின் குழிகளில் தூய சி1க்யூ பூசப்பட்டிருக்கும். அதில் சீரத்தை ஊற்றினால் இணைப்புகள் ஒட்டிக்கொள்ளும், தனித்த ஐஜிஜி (ரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் வகை) மூலக்கூறுகள் கழுவலில் போய்விடும். பிறகு நொதி இணைத்த எதிர்ப்பொருளால் ஒட்டிய ஐஜிஜியை நிறமாக மாற்றிப் படிக்கிறார்கள். தனித்த ஐஜிஜியின் மேல் சி1க்யூவின் பிடி மிகத் தளர்வானது, பல ஐஜிஜிகள் நெருங்கி நிற்கும்போதுதான் இறுகுகிறது என்ற இயல்பைப் பயன்படுத்துவது நல்ல யோசனைதான். உடலே பயன்படுத்தும் அடையாளத்தை ஆய்வகமும் பயன்படுத்துகிறது.

ஆனால் முடிவுத்தாளில் வரும் எண்ணைப் பாருங்கள். 'மைக்ரோகிராம் சமமதிப்பு, ஒரு மில்லிலிட்டருக்கு' என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சமமதிப்பு எதற்குச் சமம்? வெப்பத்தால் திரளவைத்த ஐஜிஜிக்கு. அதாவது, சூடேற்றித் திரட்டிய இவ்வளவு ஐஜிஜி தந்திருக்கக்கூடிய அதே நிறத்தை உங்கள் சீரமும் தந்தது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். உங்கள் ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் இம்யூன் காம்ப்ளெக்ஸ் இருக்கிறது என்பதல்ல. ஆகவே ஓர் ஆய்வகத்தின் எண்ணை வேறொரு முறையைப் பின்பற்றும் இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது. அப்படி ஒப்பிட்டு 'குறைந்திருக்கிறது' என்று மகிழ்வதும் 'கூடிவிட்டது' என்று கலங்குவதும் வீண். முடிவுத்தாள்கள் இதைக் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டும். நான் பார்த்தவற்றில் சொன்னவை குறைவு.

இதைவிடப் பெரிய குறை, பரிசோதனைக்குத் தெரியாமலே போகும் நோய்கள். சி1க்யூ ஐஜிஏ வகை எதிர்ப்பொருளோடு பிணைவதில்லை. உலகெங்கும் மிகப் பரவலாகக் காணப்படும் முதன்மைக் கிளாமருலஸ் அழற்சியோ 1968இல் ஜான் பெர்ஜே விவரித்த ஐஜிஏ சிறுநீரக நோய். காலக்டோஸ் குறைந்த ஐஜிஏ1, அதற்கு எதிரான எதிர்ப்பொருளோடு சேர்ந்து கிளாமருலஸின் மெசாஞ்சியம் என்னும் நடுத்திசுவில் படிவதே அந்நோயின் அடிப்படை. இம்யூன் காம்ப்ளெக்ஸ் நோய்களில் தலையாய ஒன்றைப் பிடிக்க இம்யூன் காம்ப்ளெக்ஸ் பரிசோதனையை நம்ப முடியாது என்றால், வாங்குபவர் என்ன எதிர்பார்ப்பது? ஐஜிஜி4 துணைவகையோடும் சி1க்யூ நடைமுறையில் பிணைவதில்லை. பெரியவர்களின் முதன்மைச் சவ்வுச் சிறுநீரக நோயில் (கிளாமருலஸின் வடிகட்டும் சவ்வைத் தாக்கும் நோயில்) படிந்திருப்பது பெரும்பாலும் அதுதான். 'இயல்பு' என்று வந்த முடிவை வைத்துக்கொண்டு ஒருவர் நிம்மதியடைய முடியாது என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

இல்லாததை இருப்பதாகக் காட்டும் வழிகளும் உண்டு. முடக்குவாதக் காரணி (ஐஜிஜியின் மேலேயே ஒட்டும் எதிர்ப்பொருள்) நிறைந்த சீரம் முடிவை உயர்த்தக்கூடும். மாதிரியைப் பலமுறை உறையவைத்து உருக்கினாலோ, சூடேற்றினாலோ ஐஜிஜி தானாகவே திரண்டு, உடலில் இல்லாத இணைப்புகளைக் குழாயில் உண்டாக்கிவிடும். இதற்கு நேர்மாறாக, குளிரில் வீழ்படியும் கிரயோகுளோபுலின்கள் உள்ளவரின் ரத்தம் பிரிக்கப்படுவதற்கு முன்பே குளிர்ந்துவிட்டால், தேடிய பொருள் உறைகட்டியோடு சேர்ந்து போய்விடும். லூபஸ் நோயாளிகளிடம் இன்னொரு விசித்திரம்: அவர்களில் பலருக்குச் சி1க்யூவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் இருக்கிறது, அது தட்டில் பூசிய சி1க்யூவின் மேல் நேரடியாக ஒட்டிக்கொண்டு இம்யூன் காம்ப்ளெக்ஸ் போல வேடமிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எதிர்ப்பொருளுக்கு லூபஸ் சிறுநீரக அழற்சியோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அதைத் தனியாக அளக்கும் பரிசோதனையும் உண்டு. இந்தப் பரிசோதனையின் பிழையே அதன் விடையைவிடப் பயனுள்ளதாக அமைந்துவிடுகிறது.

எல்லாம் சரியாக அளக்கப்பட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. சாலையில் ஓடும் லாரிகளை எண்ணி, யார் வீட்டு வாசலில் எவ்வளவு மணல் கொட்டப்பட்டது என்று சொல்ல முடியுமா? ரத்தத்தில் அளவு குறைவாக இருப்பது, இணைப்புகள் நன்றாக அகற்றப்படுவதாலும் இருக்கலாம், சிறுநீரகத்தில் படிந்துவிட்டதாலும் இருக்கலாம். போதாக்குறைக்கு, இணைப்புகள் எல்லாம் ரத்தத்தில் உருவாகி மிதந்து வந்துதான் படிகின்றன என்ற பழைய எண்ணமே இன்று முழுமையாக நிற்கவில்லை. சவ்வுச் சிறுநீரக நோயில் எதிர்ப்பொருள் தனியாக வந்து, கிளாமருலஸிலேயே உள்ள புரதத்தோடு அங்கேயே இணைகிறது; பெரும்பாலான நோயாளிகளிடம் அந்தப் புரதம் ஃபாஸ்போலிப்பேஸ் ஏ2 ஏற்பி என்று 2009இல் கண்டறியப்பட்டது. அந்த ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை, எந்த நோய் என்பதைச் சொல்கிறது, சிகிச்சை பலிக்கிறதா என்பதையும் சொல்கிறது. ஒரு நல்ல பரிசோதனை எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு அதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

மிதப்பதை அகற்றினால் நோய் தணியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். கடுமையான லூபஸ் சிறுநீரக அழற்சி கொண்ட 86 பேரிடம் நடத்தி 1992இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்ததோடு ஒரு பிரிவினருக்குப் பிளாஸ்மா மாற்றும் (ரத்தத்தின் திரவப் பகுதியை நீக்கி மாற்றுவதும்) செய்யப்பட்டது. அவர்களுக்கு அதனால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. கிரயோகுளோபுலின் மிகுந்து உயிருக்கே ஆபத்தான நிலையில் பிளாஸ்மா மாற்று உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 'ரத்தத்தில் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும்' என்ற எளிய கணக்கு லூபஸில் பொய்த்துவிட்டது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த எண்ணைக் காட்டி, இணைப்புகளைக் 'கரைக்கும்' நொதி மாத்திரைகளையும் 'ரத்தச் சுத்திகரிப்பு' முறைகளையும் விற்பவர்கள் உண்டு. எண்ணைக் குறைப்பது நோயைக் குறைப்பதாகாது.

மாற்று என்ன என்று கேட்டால், மலிவாகவும் தெளிவாகவும் பேசுகிற பரிசோதனைகள் ஏற்கெனவே இருக்கின்றன. முதலிடம் சிறுநீருக்கு. கிளாமருலஸில் படிவு சேதம் செய்தால் புரதமும் சிவப்பணுவும் சிறுநீரில் கசியும். அதற்கு எந்த விந்தையான கருவியும் வேண்டாம். அடுத்தது சி3, சி4 அளவுகள். இணைப்புகள் காம்ப்ளிமென்ட்டைச் செலவழிக்கின்றன. செலவு தெரிந்தால் தீ எரிகிறது என்று அனுமானிக்கலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சியில் சி3 தாழ்ந்து, பொதுவாக 6 முதல் 8 வாரங்களில் மீள்கிறது. மீளாவிட்டால் வேறு நோயைத் தேட வேண்டும். கலப்புக் கிரயோகுளோபுலின் நோயில் சி4 மட்டும் அடிமட்டத்துக்குப் போகும். அதற்குப் பெரும்பாலும் பின்னணியில் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பதால், வைரஸை ஒழிக்கும் மருந்தே சிகிச்சையின் மையம். கிரயோகுளோபுலினைத் தேடுவதானால் ரத்தத்தை எடுத்த கணத்திலிருந்து சீரம் பிரியும்வரை 37 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்து, பிறகு 4 டிகிரியில் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத ஆய்வகத்தின் 'இல்லை' என்ற முடிவுக்கு மதிப்பில்லை.

லூபஸைப் பொறுத்தவரை, 2019இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டு அளவுகோல்களைப் பார்த்தாலே நிலைமை புரியும். சி3 அல்லது சி4 தாழ்ந்திருந்தால் 3 புள்ளி, இரண்டும் தாழ்ந்திருந்தால் 4. இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருளுக்கு 6; சிறுநீரகத் திசு ஆய்வில் மூன்றாம் அல்லது நான்காம் வகை அழற்சி தெரிந்தால் 10. இம்யூன் காம்ப்ளெக்ஸ் நோய்க்கே முன்மாதிரியாகச் சொல்லப்படும் லூபஸின் அளவுகோலில் இந்தப் பரிசோதனைக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

இறுதியில், படிவை நேரில் காட்டுவது திசு ஆய்வு ஒன்றுதான். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளால் பார்க்கும்போது இணைப்புகள் மணிமணியாகத் தெரிகின்றன. சவ்வின்மேல் நேரடியாக ஒட்டிய எதிர்ப்பொருளாக இருந்தால் ஒரே கோடாகத் தெரியும். லூபஸில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், சி3, சி1க்யூ அனைத்தும் ஒருசேர ஒளிர்வதுண்டு. சிறுநீரகத்தில் ஊசி செலுத்துவதற்கு அஞ்சுவது இயல்பே, ரத்தப்போக்கு அபாயமும் சிறிதளவு உண்டு. ஆனாலும் சிகிச்சையின் திசையை மாற்றும் விடை அங்கேதான் கிடைக்கிறது. ரத்தப் பரிசோதனையால் அதைத் தவிர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் மாதங்களைக் கடத்துவது மிகவும் ஆபத்தான சிக்கனம்.

இந்தப் பரிசோதனைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஒரே முறையில், ஒரே ஆய்வகத்தில், ஒரே நோயாளியிடம் காலப்போக்கில் அளவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன் உண்டு. புதிய மருந்துப் புரதங்களைச் செலுத்தும்போது உடல் அவற்றுக்கு எதிராக இணைப்புகளை உருவாக்குகிறதா என்று தேடும் ஆய்விலும் இதுபோன்ற முறைகள் உதவும். பாம்புக்கடி எதிர்நஞ்சுச் சீரத்துக்குப் பின் வரும் சீர நோயிலோ, மருந்து கொடுத்த நாளும் அறிகுறி வந்த நாளும் தெரிந்தால் நோயறிதல் முடிந்துவிடுகிறது. இதய உள்ளுறை அழற்சியில் ரத்த வளர்ப்பும் எக்கோவும் வேலையை முடிக்கின்றன. அங்கெல்லாம் இந்த எண் எதையும் கூட்டுவதில்லை.

முடிவுத்தாள்களின் அடியில் அச்சிடப்படும் விளக்கக் குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடக்குவாதம், லூபஸ், ரத்தக்குழாய் அழற்சி, ஹெபடைடிஸ், நாட்பட்ட தொற்றுகள், சில புற்றுநோய்கள் என்று நீளும் அந்தப் பட்டியல் படிப்பவரை மிரட்டுகிறதே தவிர வழிகாட்டுவதில்லை. அண்மையில் வந்து போன சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகும் அளவு உயரலாம் என்ற வரியை அதில் காண்பது அரிது. ஐந்துக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டுமென்றால் செய்முறைக்கு நான்கும், முடிவுத்தாளுக்கு ஒன்றும், நோயாளிக்கான பயனுக்கு ஒன்றரையும் கொடுப்பேன். மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டாலன்றித் தாமாகப் பணம் கட்டிச் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இதுவல்ல.

'அதிகம்' என்ற முடிவு ஏற்கெனவே கையில் இருந்தால், அதே பரிசோதனையை இன்னோர் ஆய்வகத்தில் திரும்பச் செய்வதில் பொருளில்லை. சிறுநீரில் புரதம்-கிரியாட்டினின் விகிதம், சிறுநீரின் நுண்ணோக்கிப் பார்வை, சீரக் கிரியாட்டினின், சி3, சி4, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இவை அனைத்தும் சீராக இருந்து, உடலிலும் தொந்தரவு இல்லையென்றால், பெரும்பாலும் அந்த எண்ணை மட்டும் வைத்துச் செய்வதற்கு எதுவும் இருக்காது. முகமும் காலும் வீங்குவது, சிறுநீர் நுரைப்பது அல்லது தேநீர் நிறத்தில் போவது, கால்களில் அழுத்தினாலும் வெளுக்காத தடித்த சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், எந்த எண்ணுக்காகவும் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.